லண்டன் – சிட்னி: எத்தனை மணி நேரம்?

லண்டன் ஹீத்ரோவிலிருந்து சிட்னிக்கு, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால், 17,016 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர்தான் என்பதால், எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவிலும் 20,000-க்கு மேல் இருக்க வழியில்லை. ஒரு மனிதர் இந்தப் பூமியில் போகக்கூடிய அதிகபட்சத் தூரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு இந்த ஒரே பயணத்தில் தீர்ந்துவிடுகிறது.

தூரத்துக்கு இப்படி ஒரே வரியில் பதில் உண்டு. நேரம் அப்படியில்லை. 1919-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலிய மண்ணைத் தொட 28 நாள். 1935-ல் பன்னிரண்டரை நாள். 1947-ல் நான்கு நாள். இன்று சிங்கப்பூரிலோ துபாயிலோ இறங்கி ஏறினால் ஏறக்குறைய ஒரு முழு நாள். 2027-ல் எங்கும் இறங்காமலே கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்கிறது ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம். அதற்கு அவர்கள் சொல்லும் கணக்கு, 22 மணி நேரம் வரை.

விமானத்தின் வேகம் கூடக் கூட நேரம் குறைந்தது என்று இதைப் புரிந்துகொள்வது வழக்கம். அது பாதி உண்மைதான். குவாண்டாஸுக்கு ஜெட் விமானங்கள் வந்த 1959-லேயே வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் போய் நின்றுவிட்டது. அன்றைய போயிங் 707-ம் இன்றைய 787-ம் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் பறக்கின்றன. இந்தப் பாதையில் தொடர்ந்து குறைந்துவந்தது வேறொன்று: தரையில் கழியும் நேரம். வழியில் இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகப் பாதையிலிருந்து கழன்று விழுந்த கதை இது.

பறந்தது ஆறு நாள்கூட இல்லை

முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் ஒரு போட்டி அறிவித்தார். இங்கிலாந்திலிருந்து 30 நாளுக்குள் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுன் பரிசு. ராஸ் ஸ்மித், அவருடைய அண்ணன் கீத் ஸ்மித், மெக்கானிக்குகளான பென்னட், ஷியர்ஸ் ஆகிய நால்வர், 1919 நவம்பர் 12-ஆம் தேதி லண்டனுக்கு அருகே ஹவுன்ஸ்லோவிலிருந்து விக்கர்ஸ் விமி என்ற குண்டுவீச்சு விமானத்தில் கிளம்பினார்கள். தலைக்கு மேல் கூரை கிடையாது. மழையும் பனியும் நேராக முகத்தில்தான். டிசம்பர் 10-ஆம் தேதி டார்வினில் இறங்கினார்கள்.

அந்த 28 நாளில் அவர்கள் வானத்தில் இருந்தது சுமார் 136 மணி நேரம்தான். ஆறு நாள்கூட முழுதாக இல்லை. மீதி நாளெல்லாம் தரையில்: எஞ்சினைப் பிரித்து மாட்டுவது, பெட்ரோல் டின்களைக் கையால் கவிழ்ப்பது, மழை ஓயக் காத்திருப்பது. சுராபாயாவில் விமானம் சேற்றில் புதைந்து நகர மறுத்தது. அந்த ஊர் ஜனங்கள் தங்கள் வீடுகளிலிருந்த மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து பரப்பி ஒரு ஓடுபாதையையே விரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமி எழும்பியது. பரிசு நால்வருக்கும், சர் பட்டம் ஸ்மித் சகோதரர்களுக்கும் கிடைத்தன. பாய் கொடுத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

போட்டியில் இறங்கியவர்களில் நான்கு பேர் வழியிலேயே விபத்தில் இறந்தார்கள். 1920 ஜனவரியில் தாமதமாகக் கிளம்பிய பாரர், மெக்கிண்டாஷ் என்ற இருவர் விடாப்பிடியாக 206 நாளில் டார்வின் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் பரிசு கைமாறியிருந்தது. அதே பாதை, அதே தூரம். ஒருவருக்கு 28 நாள், இன்னொருவருக்கு 206.

பதினைந்து ஆண்டு கழித்து, 1934-ல், மெல்பர்ன் நகரின் நூற்றாண்டுக்காக இன்னொரு பந்தயம் நடந்தது. பரிசுப் பணம் போட்டவர் சாக்லேட் வியாபாரி மெக்ஃபர்சன் ராபர்ட்சன். இங்கிலாந்தின் மில்டன்ஹாலில் கிளம்பி, பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்ல்வில் ஆகிய ஊர்களில் கட்டாயம் இறங்க வேண்டும் என்பது விதி. பந்தயத்துக்கென்றே செய்த காமெட் விமானத்தில் ஸ்காட்டும் கேம்பெல் பிளாக்கும் 71 மணி நேரத்தில் மெல்பர்னைத் தொட்டு வென்றார்கள். ஆனால் விமான உலகத்தை உலுக்கியது இரண்டாவதாக வந்த விமானம். அது டச்சு நிறுவனமான கேஎல்எம் ஓட்டிய சாதாரணப் பயணிகள் விமானம், டக்ளஸ் டிசி-2. உள்ளே மூன்று பயணிகளும் இருந்தார்கள்.

மெல்பர்னை நெருங்கும் இரவில் அது புயலில் வழி தவறியது. ஆல்பரி என்ற சிற்றூரின் தலைக்கு மேல் எஞ்சின் சத்தம் வட்டமிடுவதைக் கேட்டவர்கள், ஊரின் விளக்குகளையே அணைத்து அணைத்து ஏற்றி, மோர்ஸ் குறியீட்டில் ஊர்ப்பெயரை வானத்துக்கு எழுதிக் காட்டினார்கள். வானொலி அறிவிப்பைக் கேட்டுக் கார்கள் குதிரைப் பந்தய மைதானத்துக்கு விரைந்து ஹெட்லைட் வெளிச்சம் பாய்ச்ச, விமானம் அந்தச் சேற்றில் இறங்கியது. மறுநாள் காலை ஊரே சேர்ந்து வடம் கட்டி இழுத்து வெளியே எடுத்தது. மண்ணில் இருப்பவர்களின் தயவில்லாமல் யாரும் இந்தத் தூரத்தைக் கடக்க முடியாத காலம் அது.

நடுவில் ஒரு ரயில்

1935-ல் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் குவாண்டாஸும் சேர்ந்து லண்டன் – பிரிஸ்பேன் பயணிகள் சேவையைத் தொடங்கின. பன்னிரண்டரை நாள். பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி வரை ரயிலில் போய், அங்கே மறுபடி விமானம் ஏற வேண்டும். விமான டிக்கெட் வாங்கியவரை ரயிலில் ஏற்றிய இந்த விநோதம் ஐரோப்பிய நாடுகளின் வான்வெளிப் பூசல்களோடு சேர்ந்தே வந்தது. அதன் பின் பாக்தாத், பஸ்ரா, ஷார்ஜா, கராச்சி, ஜோத்பூர், டெல்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக் என்று பாதை நீளும். இரவில் பறப்பதில்லை, பொழுது சாய்ந்தால் தங்கல். ஷார்ஜாவில் பயணிகள் தங்குவதற்காகவே 1932-ல் கோட்டை போல ஒரு விடுதி கட்டினார்கள். அது இன்று அருங்காட்சியகம்.

அந்தக் காலத்துப் பயணியிடம் எத்தனை மணி நேரம் என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். எத்தனை இரவு என்பதுதான் அவருக்குக் கணக்கு.

கொக்கலவிலிருந்து இரண்டு சூரியோதயம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் பாதை நடுவில் அறுந்தது. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ராணுவத் தபாலும் அதிகாரிகளும் போய்வர ஒரு வழி வேண்டும். இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே தாண்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

தென்னிலங்கையில், காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரி அப்போது பிரிட்டிஷ் விமானப்படையின் தளம். நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்பும் கட்டலினா விமானங்களை அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஸ்வான் ஆறு வரை, 5,600 கிலோமீட்டருக்கு மேல், 1943-ல் குவாண்டாஸ் ஓட்டத் தொடங்கியது. கட்டலினா மெதுவான விமானம். ஒரு நடைக்கு 27 முதல் 33 மணி நேரம் பிடிக்கும். ஜப்பானியர் கண்காணிப்பில் இருந்த பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்துக் கிளம்புவார்கள். எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் வானொலியைத் திறப்பதில்லை. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி. ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே வைத்திருந்தார்கள். எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கும் சுமார் 69 கிலோ தபாலுக்கும் மேல் ஏற்ற முடியவில்லை. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்த பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். போர் முடியும்வரை அந்தப் பெருங்கடலை 271 முறை தாண்டினார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அந்தத் தளத்துக்காகக் கொக்கல கிராமத்து ஜனங்கள் வீடு வாசலை விட்டுப் போக வேண்டியிருந்தது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவர் பெயரில் அமைந்த நாட்டார் அருங்காட்சியகத்துக்கு இன்று கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள், பக்கத்து ஏரியிலிருந்து உலகின் மிக நீண்ட விமானப் பயணங்கள் நடந்தன என்பதை அறிந்து போகிறார்களா என்று சந்தேகம்தான். நேரத்தில் பார்த்தால் கட்டலினாவின் 32 மணி 9 நிமிடப் பயணத்தை இடைநில்லாப் பயணிகள் சேவை எதுவும் இன்னும் தாண்டவில்லை. 2027-க்கான திட்டத்துக்குக் குவாண்டாஸ் ‘புராஜெக்ட் சன்ரைஸ்’ என்று பெயர் வைத்தது இந்தக் கொக்கலப் பயணங்களின் நினைவாகத்தான்.

நான்கு நாளிலிருந்து ஒரு நாளுக்கு

1947 டிசம்பர் 1-ஆம் தேதி சிட்னியிலிருந்து லண்டனுக்குக் குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளோடு கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிபோலி. நான்கு நாளில் சுமார் 55 மணி நேரம் பறத்தல். ‘கங்காரு பாதை’ என்ற பெயர் ஊரறிந்தது அப்போதுதான். தத்தித் தத்திப் போகும் பயணத்துக்குப் பொருத்தமான பெயர். டிக்கெட் விலை சராசரி ஆஸ்திரேலியத் தொழிலாளியின் ஒரு வருடக் கூலியைத் தாண்டும். இன்று அதே தூரத்துக்கு ஓரிரு வாரச் சம்பளத்தில் டிக்கெட் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் பாதையின் மிகப் பெரிய சாதனை அதுதான். மணிக்கணக்கு அதற்குப் பிறகுதான்.

ஜெட் காலத்தில் கராச்சி, கல்கத்தா போன்ற ஊர்கள் மறைந்தன. 1971-ல் குவாண்டாஸுக்கு ஜம்போ ஜெட் வந்தது. போகப்போக நடுவில் ஒரே ஓர் ஊர்தான் மிஞ்சியது. வேகத்தையே கூட்டிப் பார்க்கவும் ஒரு முயற்சி நடந்தது. ஒலியை மிஞ்சிய கான்கார்ட், 1977-ல் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூர் வரை பறந்தது. தன் வான்வெளியில் அந்த வெடிச்சத்தம் கூடாது என்று மலேசியா மறுக்க, மூன்றே பயணங்களில் சேவை நின்றது; பிறகு தொடங்கி 1980-ல் ஒரேயடியாக முடிந்தது. சிட்னிக்கு வருவதானாலும் அதற்கு இரண்டு முறையாவது எண்ணெய் நிரப்ப வேண்டியிருந்திருக்கும்.

எண்ணெயைச் சுமக்க எண்ணெய்

இறங்காமல் போக என்னதான் தடை? 17,016-ஐ 900-ஆல் வகுத்தால் 19 மணி நேரம். கணக்கு அவ்வளவுதானே என்று தோன்றும். முதல் சிக்கல், அந்த 17,016 கிலோமீட்டர் பாதையில் யாரும் பறப்பதில்லை. உலக உருண்டையில் லண்டனையும் சிட்னியையும் ஒரு நூலால் இழுத்துக் கட்டிப் பாருங்கள். நூல் வடகிழக்கே ஏறி, ரஷ்யாவையும் சீனாவையும் குறுக்கே தாண்டிக் கீழே இறங்கும். அனுமதி, காற்று, மலை, அவசரத்துக்கு இறங்க ஓர் ஊர் என்று எல்லாவற்றையும் பார்த்து வளைந்துதான் போக வேண்டும்.

1989 ஆகஸ்டில் குவாண்டாஸின் புத்தம்புதிய போயிங் 747-400 ஒன்று, லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் பறந்து காட்டியது. போன தூரம் 18,001 கிலோமீட்டர். நேரம் 20 மணி 9 நிமிடம். இதற்காகவே ஜெர்மனியில் தயாரான அடர்த்தி கூடிய எரிபொருளை நிரப்பினார்கள். ஓடுபாதை முனைவரை எஞ்சினைப் போடாமல் வண்டி கட்டி இழுத்துப் போனார்கள். அந்தச் சில நிமிட எண்ணெயும் மிச்சம். 180 டன்னுக்கு மேல் எண்ணெய் இருந்தது. டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர்கூட இல்லை, குழுவினரும் சில விருந்தினரும்தான். 2019 நவம்பரில் 787 விமானத்தில் மறுபடி இதே பாதை: 17,800 கிலோமீட்டர், 19 மணி 19 நிமிடம், உள்ளே சுமார் ஐம்பது பேர். முப்பது வருட முன்னேற்றத்துக்குப் பிறகும் விமானம் முக்கால்வாசி காலியாகத்தான் வர முடிந்தது.

தூரம் கூடக் கூட, எடுத்துப்போகும் எரிபொருளில் மேலும் மேலும் பெரிய பங்கு அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகிறது. கடைசி சில மணி நேரத்துக்கான எண்ணெயை முதல் பதினைந்து மணி நேரமும் சும்மா தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு இந்தப் பாடம் பழக்கம். 2004-ல் நியூயார்க்கை ஒட்டிய நூவர்க்குக்கு நேரடி விமானம் விட்டார்கள். நான்கு எஞ்சின் ஏர்பஸ் குடித்த எண்ணெய் கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தினார்கள். 2018-ல் இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகுதான் திரும்பத் தொடங்க முடிந்தது. அதிலும் 161 இருக்கைகள்தான். எகானமி வகுப்பே கிடையாது.

குவாண்டாஸ் 2022-ல் பன்னிரண்டு ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கூடுதலாக 20,000 லிட்டர் தொட்டி ஒன்று. மற்ற நிறுவனங்கள் முந்நூறு பேருக்கு மேல் ஏற்றும் விமானத்தில் இங்கே 238 பேர். நடுவே எழுந்து நின்று கை காலை நீட்டிக்கொள்ள ஓர் இடமும் உண்டு. அந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது, சிங்கப்பூர் விமான நிலையத்தில் இலவசமாகக் கிடைத்த நடையை விமானத்துக்குள்ளேயே விலைக்கு விற்கிறார்களோ என்று தோன்றாமல் இல்லை.

சோதனைப் பயணங்களில் விமானத்தைவிட மனிதர்களைத்தான் அதிகம் சோதித்தார்கள். விமானிகளின் மூளை அலைகளையும், உறக்கத்தோடு தொடர்புள்ள மெலடோனின் சுரப்பையும் அளந்தார்கள். நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு வந்த பயணத்தில், ஏறியதுமே தூங்கிவிடாமலிருக்கப் பயணிகளுக்கு வெளிச்சத்தைக் கூட்டி, உடற்பயிற்சி சொல்லி, மிளகாய் சேர்த்த காரமான சாப்பாடு போட்டார்கள். நம் வீட்டில் இதற்கு ஆராய்ச்சிக்குழு தேவைப்பட்டிருக்காது.

காற்றும் கடிகாரமும்

போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றல்ல என்பதைப் பலர் டிக்கெட் கையில் வந்த பிறகே கவனிக்கிறார்கள். விமானங்கள் பறக்கும் பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளின் மேல், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. லண்டனிலிருந்து சிட்னிக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும். சிட்னியிலிருந்து லண்டனுக்கு முகத்தில் அறையும். சோதனைப் பயணத்துக்கு 19 மணி சொச்சம் ஆகியும் நிறுவனம் 22 மணி நேரம் வரை என்று சொல்வதற்கு இந்த எதிர்காற்று ஒரு முக்கியக் காரணம்.

கடிகாரம் இன்னொரு குழப்பம். ஜனவரியில் சிட்னி லண்டனைவிட 11 மணி நேரம் முன்னால், ஜூலையில் 9. ஜனவரித் திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு லண்டனில் ஏறி இருபது மணி நேரம் பறந்தால், சிட்னியில் புதன்கிழமை விடிகாலை நான்கு. செவ்வாய்க்கிழமை முழுதாக விழுங்கப்பட்டிருக்கும். ஆனால் நான்கு மணிக்கு அங்கே இறங்க விடமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்காகச் சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை பொதுவாகத் தடை. 1995-ல் அதற்குத் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆக, உலகின் மிக நீண்ட பயணத்தின் புறப்படும் நேரத்தை, ஓடுபாதைக்குப் பக்கத்துத் தெருவில் போர்த்திக்கொண்டு தூங்குகிறவரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்.

யாருக்கு அந்த நான்கு மணி நேரம்?

இத்தனை பாடுபட்டு மிச்சமாவது, குவாண்டாஸ் கணக்குப்படி, அதிகபட்சம் நான்கு மணி நேரம். காலையில் இறங்கி மாலையில் கூட்டத்தில் உட்கார வேண்டிய வங்கிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் அது பெரிது. டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்க மாட்டார். விமானத்தின் பெரும் பரப்பு முன்வரிசை வகுப்புகளுக்கே ஒதுக்கப்பட்டிருப்பது தற்செயல் இல்லை.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு சிதறிய ஈழத் தமிழ்க் குடும்பங்களில் அண்ணன் லண்டன் வெம்பிளியிலும் தங்கை சிட்னி வென்ட்வொர்த்வில்லிலும் இருப்பது சாதாரணம். அவர்களுக்கு இது வேலைக்கான பாதை அல்ல, கல்யாணத்துக்கும் சாவுக்குமான பாதை. கல்யாணமென்றால் நடுவில் கொழும்பிலோ சென்னையிலோ இரண்டு வாரம் தங்கிப் புடவையும் நகையும் எடுக்காமல் எப்படிப் போவது? சாவென்றால்தான் அந்த நான்கு மணி நேரத்துக்கு விலையே இல்லை.

நேரடிச் சேவை வந்தாலும் நடுவூர்கள் நிரந்தரமாகத் தொலைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பாதையின் சின்னத் தம்பியான பெர்த் – லண்டன் விமானத்தைப் பாருங்கள். 14,498 கிலோமீட்டரை 17 மணி நேரத்துக்குச் சற்று மேல் நிற்காமல் கடந்து, 2018 மார்ச்சில் ஆஸ்திரேலியாவையும் பிரிட்டனையும் முதன்முதலாக நேரடியாக இணைத்த பயணிகள் சேவை. கொரோனாக் காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியா தன் எல்லையை மூடியதால், 2021 நவம்பரிலிருந்து சில மாதம் அது டார்வினிலிருந்து கிளம்பியது. 2022-ல் ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்கு வானத்தை மூடியபோது, ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து 13 மணி நேரமானது. இரண்டு நகரங்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

2024 ஏப்ரலில் மத்தியக் கிழக்கில் பதற்றம் கூடியதும், பெர்த்திலிருந்து லண்டன் போகும் விமானம் ஈரானின் வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அந்தச் சுற்றுக்கும் எதிர்காற்றுக்கும் சேர்த்து எண்ணெய் போதவில்லை. லண்டனிலிருந்து பெர்த் வரும் விமானம் பின்காற்றின் புண்ணியத்தில் வழக்கம்போல் நிற்காமல் வந்தது. லண்டன் போகும் விமானம் மட்டும் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போனது.